ஒரு சின்ன 'டி' எழுத்து: தங்க நாணயம் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறேன். இங்கே ஒரு நாணயக் கண்காட்சியில் 1847-ஆம் வருட ஐந்து டாலர் தங்க நாணயங்கள் இரண்டைப் பார்த்தேன். இரண்டிலும் டாலோனிகா நாணயச்சாலையின் 'டி' முத்திரை. ஒன்று பிசிஜிஎஸ் (நாணயங்களுக்குத் தரம் போடும் நிறுவனம்) ஸ்லாபில், அதாவது தரச் சீட்டோடு மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில்; 'விஎஃப் 30' தரம் (மிதமான தேய்மானம்), பார்க்க மங்கல். மற்றது ஸ்லாப் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது; 'ஏயூ' தரம் (ஏறக்குறைய புழங்காதது) என்கிறார் வியாபாரி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?

பதில்: மங்கலாக இருப்பதை.

டாலோனிகா, ஜார்ஜியா மாநிலத்தின் மலைப்பக்கத்துச் சிற்றூர். தங்கம் கிடைத்த ஊர் என்பதால் அங்கேயே ஒரு நாணயச்சாலை திறந்தார்கள். 1838 முதல் 1861 வரை, தங்க நாணயம் மட்டும் அடித்தார்கள். 1847-இல் ஐந்து டாலர் நாணயம் அங்கே 64,405தான். அதே வருடம் பிலடெல்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேல். பிலடெல்பியா நாணயத்தில் முத்திரை எழுத்து கிடையாது. மற்றபடி வடிவமும் எடையும் ஒன்றே. கழுகுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன 'டி'க்குத்தான் நீங்கள் இவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள். அதனால் பிலடெல்பியா நாணயத்தில் 'டி'யை ஒட்டி விற்கிற வேலையும் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் அந்த எழுத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள். எழுத்து நாணயத் தரையிலிருந்தே எழும்பியிருக்க வேண்டும். சுற்றிலும் மயிரிழை போல ஒரு கோடோ, நிற மாற்றமோ தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, 'டி' அசல் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான டாலர் பெறும் அந்தப் பளபள நாணயத்துக்கு, அதில் ஒரு சிறு பங்கு கட்டணம் கட்டி ஏன் தரம் போட்டு வாங்கவில்லை? பெரும்பாலும் போட்டுப் பார்த்திருப்பார்கள். 'ஏயூ டீடெயில்ஸ், கிளீன்ட்' என்று வந்திருக்கும். அதாவது தேய்மானம் குறைவு, ஆனால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஸ்லாபை உடைத்து எடுத்து மேசையில் வைத்தால் அந்தச் சீட்டு யார் கண்ணிலும் படாது. விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். அசல் மினுக்கம் ஒளிக்கற்றையாகச் சுழன்று வரும். தேய்த்த நாணயத்தில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

இன்னொன்று. டாலோனிகாவில் அச்சு சரியாக அழுந்தாத நாணயங்கள் நிறைய. முன்பக்கத்துப் பெண் தலையின் சுருள்முடியும் பின்பக்கத்துக் கழுகின் கழுத்து இறகும் மொழுக்கென்று இருந்தால் அது தேய்மானம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஸ்லாபிலும் போலி வருகிறது. சீட்டில் இருக்கும் எண்ணை பிசிஜிஎஸ் தளத்தில் போட்டு, படம் இருந்தால் கையில் உள்ள நாணயத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். அசல் நாணயத்தின் எண்ணைத் திருடித்தான் போலிச் சீட்டு அடிக்கிறார்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது.

கேள்வி: 1898 சான் பிரான்சிஸ்கோ இருபது டாலர் தங்கத்தை டிவியில் 'அரிய நாணயம்' என்று விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தங்கம் என்பதை நம்பலாம், அரியது என்பதை வேண்டாம். அந்த ஒரே வருடத்தில் அந்த ஒரே நாணயச்சாலையில் 25 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். 1933-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னபோது ஏராளமானவை உலைக்குப் போயின என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய வங்கிப் பெட்டகங்களில் கிடந்தவை தப்பிப் பின்னாளில் திரும்பி வந்தன. ஒரு நாணயத்தின் எடை 33.436 கிராம், அதில் சுத்தத் தங்கம் சுமார் 30.09 கிராம். அதை நீங்கள் வாங்கும் நாளின் ஒரு கிராம் தங்க விலையால் பெருக்குங்கள். சாதாரண தர நாணயத்துக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் நியாயம். இரண்டு மடங்கு கேட்டால் போனை வையுங்கள். அரியது என்றால் 1870-இல் கார்சன் சிட்டியில் அடித்தது: அதே முகம், அதே எடை, மொத்தமே 3,789.

கேள்வி: என் நாணயத்தில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. பல்பொடி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பத்தில் ஒரு பங்கு கலந்திருக்கும் செம்பு அப்படி எட்டிப் பார்ப்பது சகஜம். தேய்த்தால், டல்லாஸ்காரர் பார்த்த அந்தப் பளபள நாணயத்துக்கு ஜோடி கிடைத்துவிடும்.