அண்ணன் சொல்வது பொய்யா?

கேள்வி: என் அண்ணனுக்கு 54 வயது. இருபது வருடக் குடி. போன வருடம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது குடிப்பதில்லை, ஆனால் வாயைத் திறந்தால் பொய். வாசலைத் தாண்டாத மனிதர், 'நேற்று ஈரோடு சந்தைக்குப் போய் வந்தேன்' என்கிறார். வீட்டுப் பையன்கள் வேண்டுமென்றே வாயைக் கிளறிச் சிரிக்கிறார்கள். போன மாதம் எனக்கு 2 லட்சம் கடன் கொடுத்ததாகச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். டாக்டரோ 'அது நோய்' என்கிறார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவருக்கு விடிந்தும் போகவில்லையே?
- பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பொய் சொல்ல வேண்டுமென்றால் உண்மை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு நேற்று என்ன நடந்தது என்பதே தெரியாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், டாக்டர் மனதில் இருப்பது கோர்சகாஃப் நோயாக இருக்கலாம். 1880களின் கடைசியில் மாஸ்கோவில் செர்கேய் கோர்சகாஃப் என்ற மருத்துவர் இதை விவரித்தார். இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு எழாத நோயாளி, நேற்று வண்டியில் ஊருக்குள் போய் வந்ததாகச் சொல்வார் என்று எழுதியிருக்கிறார். ஈரோடு சந்தைதான் இல்லை, மற்றதெல்லாம் உங்கள் வீட்டுக் கதை.

காரணம், வைட்டமின் பி1 பற்றாக்குறை. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடலில் பி1 சரியாகச் சேராது. மூளையின் நடு ஆழத்தில் நினைவைப் பதியவைக்கும் பகுதிகள் இதனால் கெடுகின்றன. முதலில் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு. அதைப் போதை என்று நினைத்துத் தூங்கவிட்டால் போச்சு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். க்ளூக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று கேட்டு வாங்கிப் போடுகிறோமே, பட்டினியாகக் குடித்துக் கிடந்தவருக்கு பி1 கொடுக்காமல் வெறும் க்ளூக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகி நிலைமை மோசமாகலாம். 'பி1 ஊசி போட்டாச்சா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

நினைவு இல்லாத இடத்தில் கதை எப்படி வருகிறது? மருத்துவத்தில் இதற்கு கான்ஃபாபுலேஷன் என்று பெயர். குடிக்காதவர்களுக்கும் வரும். மூளையில் ரத்தக்குழாய் வெடித்த 58 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி ஜெனீவாவின் நரம்பியல் மருத்துவர் ஆர்மின் ஷ்னிடர் எழுதியிருக்கிறார். குழந்தைக்குப் பசிக்கும், பாலூட்ட வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். அந்தக் 'குழந்தைக்கு' வயது முப்பதுக்கு மேல்! குழந்தையும் உண்மை, பாலூட்டியதும் உண்மை; காலம்தான் தப்பு. மனதில் ஒரு நினைவு எழும்போது அது இன்றைக்கு உரியதா, என்றைக்கோ முடிந்ததா என்று பிரிக்கும் வேலையில், கண்ணுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. அது கெட்டால், பழையதெல்லாம் நேற்று நடந்ததாக எழுந்து நிற்கும். சொல்பவர் அதை முழுசாக நம்புவார்.

உங்கள் வீட்டுப் பையன்களிடம் சொல்லுங்கள்: 'நேற்று எங்கே போனீங்க?' என்று கேட்பதே பாதிக் கதையை உண்டாக்குகிறது. காலியான இடத்தைக் கேள்வி கேட்டுத் தோண்டினால் மூளை எதையாவது போட்டு நிரப்பத்தான் செய்யும். மாட்டவைத்துச் சிரிப்பதை நிறுத்துங்கள். வாதாடியும் பயனில்லை, வாதாடியது மறந்துவிடும், மனம் கசந்தது மட்டும் தங்கிவிடலாம். கண்ணில் படும் இடத்தில் காலண்டர் மாட்டுங்கள். 'இன்னைக்கு வீட்டுல இருக்கீங்கண்ணா, சாப்பிட்டாச்சு' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்தை நிறுத்தாமல், குடியும் திரும்பாமல் இருந்தால் இந்தக் கதைகள் நாளடைவில் குறைவது உண்டு. நினைவு முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இனி அந்த 2 லட்சம். அண்ணன் பேச்சு சாட்சிக்கு உதவாது என்கிறீர்கள், சரி. அப்படியானால் பாகப்பிரிவினை, பவர் பத்திரம் என்று அவர் கையெழுத்தை யாரும் வாங்கக் கூடாது, நீங்கள் உட்பட. அப்புறம் ஒன்று. இந்த நோயில் வரும் கதைகளில் பல, நிஜமாக நடந்து காலம் மாறிப்போனவை. போன மாதம் அவர் உங்களுக்குப் பணம் கொடுக்கவில்லை, நம்புகிறேன். எப்போதுமே கொடுத்ததில்லையா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.