டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் சைலன்சர்: பஞ்சை மாற்றினாலே போதும்

நண்பரே, உங்கள் டூ-ஸ்ட்ரோக் 250 சிசி டர்ட் பைக்கில் சத்தம் தகரம் தட்டுவது போல் ஆகிவிட்டது, சைலன்சரின் பின்மூடியில் கருப்பு எண்ணெய் வடிகிறது, புது சைலன்சர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு எண்ணெயில் ஊறிப் போனால் இப்படித்தான் ஆகும்.

மூடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை, ரிவெட் தண்டின் அளவே உள்ள டிரில் பிட்டால் எடுங்கள். ஓட்டை பெரிதாகக் கூடாது. மூடி வர மறுத்தால் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய உறையின் விளிம்பு வளைந்துவிடும், அப்புறம் கசிவு நிற்காது. பழைய பஞ்சைத் தொட கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

பஞ்சுக்கு நடுவே ஓடும் துளையிட்ட உள்குழாயில்தான் நேரம் செலவிட வேண்டும். அதன் துளைகள் கரியால் அடைபட்டிருந்தால் எந்தப் பஞ்சு வைத்தும் பயனில்லை, சத்தம் பஞ்சுக்குப் போய்ச் சேராது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பஞ்சு.

சைலன்சருக்கென்றே விற்கும் பஞ்சை வாங்குங்கள். கூரையில் வெப்பத்தைத் தடுக்கப் போடும் பஞ்சு இந்தச் சூட்டைத் தாங்காது. குழாயில் சீராகச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அது ஓட்டும்போது எரிந்துவிடும். இறுக்கித் திணிக்கவும் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது. மூடிகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பூசி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள்.

சீக்கிரமே மறுபடி எண்ணெய் வடிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டைப் பாருங்கள், கலவை ரிச்சாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக ஓடலாம்.