மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிய பூர்விக வீட்டை இடித்துவிடலாமா?

கேள்வி: காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அருகில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த அந்த வீடு சில காலமாகப் பூட்டியே கிடக்கிறது. சென்ற மழையில் பின்கட்டின் தளத்தில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. இப்போது மாநகராட்சி ‘சிதிலமடைந்த கட்டடம்’ என்று நோட்டீஸ் ஒட்டிப் பதினைந்து நாள் கெடு விதித்திருக்கிறது. வாரிசுகள் நாங்கள் நான்கு பேர். தரகர் ஒருவர் பில்டரை அழைத்து வந்து, உடனே இடிக்காவிட்டால் மரபுக் கட்டடம் என்று பட்டியலிட்டு அரசு எடுத்துக்கொள்ளும் என்கிறார். கோயில் விமானத்திலிருந்து 110 மீட்டர் இருப்பதாகக் கைப்பேசியில் அளந்து காட்டி, அடுக்குமாடி கட்டத் தடையில்லை என்றும் சொல்கிறார். இடித்துவிடலாமா?

பதில்: இடிக்காதீர்கள். உங்கள் மனை அமைந்திருக்கும் இடத்தில், வீட்டை இடித்த மறுநாளிலிருந்து அந்த மண்ணில் ஒரு சுவரைக்கூடச் சட்டப்படி எழுப்ப முடியாமல் போகலாம். நோட்டீஸுக்குப் பதில் எழுதலாம், ஒழுகும் தளத்தைச் செப்பனிடலாம், வாரிசுகளுக்குள் பேசி முடிவெடுக்கலாம், பின்னால் மனம் மாறினால் விற்கவும் செய்யலாம். இவற்றில் எதையும் நாளை திருத்திக்கொள்ள முடியும். இடிப்பதை மட்டும் திருத்திக்கொள்ள முடியாது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். இத்தகைய சின்னங்களுக்காக 1958-இல் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை ‘தடை செய்யப்பட்ட பகுதி’ என்றும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி’ என்றும் ஆயிற்று. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் புதிய கட்டுமானம் கூடாது. இருக்கும் கட்டடத்தின் மேல் ஒரு தளம் சேர்ப்பதும், பக்கவாட்டில் ஓர் அறை இழுப்பதும்கூடப் புதிய கட்டுமானமாகவே கருதப்படும். ஆனால் 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பிருந்தே நிற்கும் கட்டடத்தின் உரிமையாளர், அதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். பழுதுபார்த்தல், புதுப்பித்தல் என்பவற்றில் மறுகட்டுமானம் அடங்காது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது, இருந்த அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்பக் கட்டுகிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அது பழுதுபார்த்தல் ஆகாது. உங்களுக்கு இருக்கும் உரிமை அந்தப் பழைய சுவர்களோடு ஒட்டிய உரிமை. சுவர் போனால் உரிமையும் போய்விடும். இதைத் தரகர் உங்களிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி அந்த 110 மீட்டர் கணக்குக்கு வருவோம். பழைய கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. 100 மீட்டர் தூரம் விமானத்திலிருந்தோ, கருவறையிலிருந்தோ, கோபுரத்திலிருந்தோ தொடங்குவதில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கை செய்யப்பட்ட நிலத்தின் வெளி எல்லையிலிருந்து அது தொடங்குகிறது. அந்த எல்லை பல இடங்களில் மதிலோடு ஒத்துப்போகும்; சில இடங்களில் மதிலையும் தாண்டி வெளியே இருக்கும். எனவே விமானத்திலிருந்து 110 மீட்டர் என்று காட்டப்பட்ட உங்கள் வீடு, எல்லையிலிருந்து அளக்கும்போது தடை செய்யப்பட்ட பகுதிக்குள் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். கைப்பேசியில் எடுத்த அளவு எந்த அலுவலகத்திலும் செல்லாது. கோயிலின் அறிவிக்கையில் கண்ட புல எண்ணையும், உங்கள் மனையின் புல வரைபடத்தையும் ஒப்பிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அப்படி அளந்த பிறகும் விதிவிலக்காக ஒரு நிலைமை எழலாம். காஞ்சிபுரத்துப் பழைய மனைகள் தெருமுகப்பில் குறுகி, பின்னோக்கி நீண்டு, சில இடங்களில் பின்சந்து வரை ஓடுபவை. முன்கட்டு 100 மீட்டருக்கு உள்ளேயும், பின்கட்டோ தோட்டமோ அதற்கு வெளியேயும் அமைவது நடக்கக்கூடியதே. அவ்வாறானால், உள்ளே விழும் பாகத்துக்குப் பழுதுபார்க்கும் அனுமதி மட்டுமே கேட்க முடியும். வெளியே விழும் பாகம் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் வருவதால் அங்கே மறுகட்டுமானத்துக்கும் புதிய கட்டுமானத்துக்கும்கூட முன் அனுமதி கேட்கலாம். ஆனால் ‘பாதி மனை வெளியே இருக்கிறது, ஆகவே முழு வீட்டையும் இடித்துவிட்டு முழு மனைக்கும் பிளான் போடுவோம்’ என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் முன்கட்டை உங்களிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கிறார் என்று பொருள். எல்லைக்கோடு எந்தச் சுவரில் விழுகிறது என்பது காகிதத்தில் தெரியும் வரை, சரிந்த பின்கட்டில்கூட முட்டுக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். வீடு முழுவதும் 100 மீட்டருக்கு அப்பால் என்று எழுத்தில் உறுதியானால், என் முதல் வரியை நீங்கள் மறுபரிசீலனை செய்யலாம்; அப்போதும் அனுமதி கைக்கு வந்த பிறகே கடப்பாரை எடுக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களே என்பது அடுத்து வரும் வாதம். கட்டியிருக்கிறார்கள், உண்மைதான். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடவடிக்கை வரும்போது நோட்டீஸ் வருவது நில உரிமையாளரின் பெயருக்கு. அந்த நேரத்தில் தரகர் கண்ணில் படமாட்டார்.

மாநகராட்சி நோட்டீஸை மறுபடி ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். இவ்வகை நோட்டீஸ்களில் பெரும்பாலும் இடிக்கவோ, பழுதுபார்க்கவோ, தடுப்பு அமைத்துப் பாதுகாப்பு செய்யவோ வேண்டும் என்றுதான் எழுதியிருக்கும். பதற்றத்தில் நம் கண் ‘இடிக்க’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறது. கெடு முடியும் முன்னரே ஆணையருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பழுதுபார்க்க விரும்புகிறோம், நினைவுச்சின்னத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருப்பதால் அதற்கான அனுமதியைக் கேட்க இருக்கிறோம், அதுவரை தெருவோரம் தடுப்பு வைத்துச் சரியும் பகுதிக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்று எழுதுங்கள். அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அன்றைக்கே, நோட்டீஸுக்கு அடிப்படையான ஆய்வறிக்கையின் நகலைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர வேண்டிய காலம் 30 நாள். கட்டடத்துக்குள் ஒருவரும் கால் வைக்காமலே எழுதப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொறியாளர் ஒருவரின் கருத்தும் வேண்டும். பில்டர் கூட்டி வருபவர் வேண்டாம். கான்கிரீட் தூண் கட்டடங்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் சுண்ணாம்புக் கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஆயுள் முடிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அதன் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்திட்டு அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். இந்தத் தளம் வயதால் விழுவது அரிது, தண்ணீரால் விழுகிறது. மழைநீர்க் குழாய் அடைத்து, தேங்கிய நீர் சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைக்கு இறங்குகிறது. முனை மக்கிப் பொடிந்ததும், நடுவில் உறுதியாக இருக்கும் கட்டையும் பிடி இழந்து கீழே வருகிறது. சரிந்த பின்கட்டில் கிடக்கும் கட்டைகளைத் தூக்கிப் பாருங்கள். முனையில் ஓரடி கறுத்து உளுத்தும், மீதி முழுவதும் ஆணி இறங்காத வைரமாகவும் இருந்தால், பழுது எங்கே என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

சுவர் விரிசலுக்கும் எளிய சோதனை உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடையாவிட்டால் அது பழைய விரிசல். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேர் செங்கல்லோடு வரும். வெட்டிவிட்டு, வேரை முறையாகப் பட்டுப்போகச் செய்ய வேண்டும். இன்னொன்று, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூச்சு பூசாதீர்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். நன்றாக நின்ற சுவர்கள் பல இந்த ‘ரிப்பேரால்’தான் கெட்டிருக்கின்றன.

மரபுப் பட்டியலைக் காட்டி மிரட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். பட்டியலில் பெயர் வருவதால் வீட்டின் உரிமை அரசுக்குப் போய்விடாது. உண்மையில் வருத்தப்பட வேண்டியது, பட்டியல் வராமல் கிடந்ததைப் பற்றித்தான். மரபுக் கட்டடங்களை அடையாளம் காண வழிசெய்யும் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012-இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் எத்தனை திண்ணை வீடுகள் செங்கல் லாரியில் ஏறிப் போயின என்பதற்குக் கணக்கு எழுதியவர் ஒருவரும் இல்லை. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஹிருதய்’ மரபு நகரத் திட்டத்துக்குத் தேர்வான பன்னிரண்டு நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மரபு நகரம் என்று பெயர் கொடுத்தவர்கள், நோட்டீஸ் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரருக்கு இந்த 100 மீட்டர் விதியை விளக்க மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருக்கலாம். நோட்டீஸ் ஒட்டும் துறைக்கும் அனுமதி தரும் துறைக்கும் இடையே பேச்சே கிடையாது என்பதால், ஒன்றுக்குக் கீழ்ப்படிந்த குடிமகன் மற்றொன்றிடம் குற்றவாளி ஆகிறான்.

அரசின் சொந்தக் கட்டடங்களுக்கே கதி இதுதான். புதுச்சேரியில் ‘மேரி’ எனப்படும் பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது; பிறகு பெரும் செலவில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எல்ஐசி 2006-இல் இடிக்கத் தொடங்கியதும், மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இடிப்பு நின்றது, ஆனால் கட்டடத்தைச் செப்பனிட வைக்க அந்த வெற்றியால் முடியவில்லை. நீங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை வராமல், இப்போதே காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரகர் விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகளைத் தருகிறேன். அவர் பவர் பத்திரம் கேட்பார். ‘அப்ரூவல் வாங்க மட்டும்’ என்பார். அந்தப் பத்திரத்தில் விற்கவும், அடமானம் வைக்கவும், கூட்டு ஒப்பந்தம் போடவும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கும். நால்வரில் ஒருவர்கூட அதில் கையெழுத்திடக் கூடாது. அடுத்து, இடிப்புச் செலவை நாங்களே ஏற்கிறோம், பழைய சாமான்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். உங்கள் தூண்களும் உத்தரங்களும் நிலைக்கதவும் தேக்காக இருந்தால், அவற்றின் விலை இடிப்புக் கூலியைப் போலப் பல மடங்கு. நூறு ஆண்டு கடந்த, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த வேலைப்பாடுள்ள பொருள், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். உரிமம் இல்லாமல் அவற்றை விற்கும் தொழில் நடத்தக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மூன்றாவதாக, தொல்லியல் துறையில் ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் தடையின்மைச் சான்று வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தடை செய்யப்பட்ட பகுதியில் புதிய வீடு கட்டச் சான்று கொடுக்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. இல்லாத ஒன்றை அவர் எங்கிருந்து வாங்கித் தருவார்?

பழுதுபார்க்கும் அனுமதிக்கான விண்ணப்பம், இந்தச் சட்டத்தின்கீழ் நம் மாநிலத்துக்கென நியமிக்கப்பட்டுள்ள ‘தகுதிவாய்ந்த அதிகாரி’க்குப் போக வேண்டும். பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, இப்போதுள்ள கட்டடத்தின் வரைபடம், எல்லாப் பக்கத்துப் புகைப்படங்கள் ஆகியவற்றோடு, 1992-க்கு முன்பே வீடு இருந்தது என்பதைக் காட்டும் சொத்து வரி ரசீதுகளை அவசியம் இணையுங்கள். பழைய மின் கட்டண அட்டையும் உதவும். அதிகாரி 15 நாளில் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்தில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சட்டப்படி நான்கு மாதங்கூட ஆகக் கூடாது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதால், விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மாதம் ஒருமுறை எழுத்தில் நினைவூட்டுங்கள்.

அதுவரை தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்து, மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, பின்கட்டுக்குச் சவுக்கு முட்டுக் கொடுத்து, சரிந்த கட்டைகளைப் படமெடுத்து எண்ணிட்டு உள்ளேயே அடுக்கி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இவை முடிந்திருக்க வேண்டும். பூட்டின் சாவி வாரிசுகளிடமே இருக்கட்டும். தரகரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.