அடைப்புக்குறிக்குள் நிற்கும் 6700417

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் எடுக்கிறேன். படிவம் 4 மாணவி ஒருத்தி 4294967297-ஐக் கால்குலேட்டரில் போட்டு, பகாக் காரணி காட்டும் பொத்தானை அழுத்தினாள். 641 × (6700417) என்று வந்தது. அந்த எண்ணுக்கு மட்டும் ஏன் அடைப்புக்குறி? அது பகா எண்தானா? அடுத்து 2⁶⁴ + 1-ஐயும் பிரிக்க வேண்டும் என்கிறாள்.

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அந்தக் கால்குலேட்டர் மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான், அதாவது 997 வரைதான், வகுத்துப் பார்க்கும். அடுத்த பகா எண் 1009. அதன் வர்க்கம் 1018081. மிஞ்சியது அதைவிடச் சிறியதென்றால் பகா எண் என்று உறுதி. பெரியதென்றால் அதற்குத் தெரியாது, அடைப்புக்குறி போட்டுவிடும். 1022117-ஐயும் அப்படித்தான் காட்டும். அது 1009 × 1013. ஆகவே அடைப்புக்குறியை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 1009 முதல் 2588 வரை 200-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் வகுக்கத் தேவையில்லை. மாணவி எடுத்தது சாதாரண எண்ணல்ல, 2³² + 1. பகா எண் p இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் 2-இன் முதல் அடுக்கு 64. 2-இன் (p − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தருவதால், p − 1 என்பது 64-இன் மடங்காகவே இருக்கும். கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் 641-ஐப் பிடித்தது இந்த வகையில்தான். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிக்கும் எண்ணை வைத்து 1 கூட்டினால் வரும் எண்களெல்லாம் பகா எண்களே என்ற கணிதவியலாளர் ஃபெர்மாவின் நம்பிக்கை அத்தோடு போயிற்று. பிறகு லூக்கா என்ற கணிதவியலாளர் அந்த 64-ஐ 128 ஆக்கினார், அதாவது p − 1 என்பது 128-இன் மடங்காகவே இருக்கும் என்று காட்டினார். எவ்வளவு வேலை மிச்சம் பாருங்கள்: 1009-க்கும் 2588-க்கும் இடையில் 128-இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண்கள் 1153, 1409 இரண்டே.

6700417 = 1153 × 5811 + 334
6700417 = 1409 × 4755 + 622

இரண்டிலும் மீதி வருகிறது. 6700417 பகா எண்ணேதான். மீதி எடுக்கும்போது பிள்ளைகள் தசமத்தை அப்படியே எழுதிவிடுவார்கள். முழு எண் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத் தசமத்தை வகு எண்ணால் பெருக்கச் சொல்லுங்கள்.

2⁶⁴ + 1-க்கு 20 இலக்கம். திரையில் 10 இலக்கமே நிற்கும், கடைசி 1 காணாமல் போகும். அந்தப் பொத்தான் உதவாது. 1880-இல் லான்ட்ரி என்ற கணிதவியலாளர் கண்டெடுத்த காரணி 274177. கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது சுலபம். 2³²-ஐ 274177-ஆல் வகுத்தால் மீதி 258768, அதாவது 274177-க்கு 15409 குறைவு. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், ஆகவே 274177-ஆல் வகுக்கும்போது அதன் மீதியும் 15409-இன் வர்க்கத்தின் மீதியும் ஒன்றே. 15409-இன் வர்க்கம் 237437281. அதோடு 1 கூட்டினால் 274177 × 866, ஆகவே 2⁶⁴ + 1-உம் மீதியின்றி வகுபடும். எல்லாமே 10 இலக்கத்துக்குள் அடங்கிவிடுவதால், அவளே போட்டுப் பார்க்கலாம்.