பீரோ வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேர் சேர்ந்து, அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்காகப் புத்தகம், நோட்டு, பை, பென்சில் எல்லாம் திரட்டினோம். இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு மூட்டை சேர்ந்துவிட்டது. பள்ளியில் மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பெற்றோர் பலரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதால் பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். புத்தகங்களை வைக்க இடமில்லை என்று தலைமையாசிரியர் தயங்கினார். அதனால் பூட்டோடு ஒரு பீரோவும் வாங்கித் தரலாம் என்று பணம் சேர்த்து வருகிறோம். இரும்புக் கதவு நல்லதா, கண்ணாடிக் கதவு நல்லதா? இன்னும் என்ன புத்தகங்கள் சேர்க்கலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா? ஒப்படைக்கும் நாளில் சிறிய விழா வைக்கிறோம். நீங்கள் வர வேண்டும்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் வீட்டில் பூட்டு ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். புத்தக அலமாரியின் சாவியைத் தொலைத்துவிட்டு மூன்று நாளாக என் புத்தகத்தை நானே எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடுப்பில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பதினோரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தீர்களா? நான் இப்படி வந்த மூட்டைகளைப் பள்ளிக்கூடத் திண்ணைகளில் உட்கார்ந்து பிரித்திருக்கிறேன். வங்கித் தேர்வு கைடு, என்றோ காலாவதியான கம்ப்யூட்டர் கோர்ஸ் புத்தகம், அட்டை போன ராசிபலன், 2018இல் பாடத்திட்டம் மாறுவதற்கு முந்திய பாடநூல்கள். ஒன்றில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ இருந்தது. ஒரு பயிற்சி நூலை ஆசையாகத் திறந்தான் ஒரு பையன். கோடிட்ட இடங்களெல்லாம் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டி, காலியாக ஒரு கோடாவது இருக்கிறதா என்று தேடினான். கடைசியில் ஒன்று கிடைத்தது. அதையும் அந்த வீட்டுப் பிள்ளை தெரியாமல்தான் விட்டிருக்கும். உங்கள் வீட்டு மேல்தட்டைக் காலி செய்வது வேறு, பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பது வேறு தம்பி. மூட்டைகளில் தேறாததைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுங்கள். அதில் தப்பே இல்லை.

நோட்டும் பையும் வேண்டாம். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் வரை அரசுப் பள்ளிக்கு விலையில்லாமல் வருகிறது. விழாவுக்கு நான் வரமாட்டேன். யாரும் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

பீரோவுக்கு வருகிறேன்.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். நான் படித்தபோது உங்கள் ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி தனியானது 2004இல். எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் பச்சை பீரோ ஒன்று இருந்தது. அதற்குள் புத்தகம் இருக்கிறது என்பது எங்களுக்குக் கேள்வி ஞானம்தான். வருடத்துக்கு ஒரு முறை, இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வருகிற நாளில் பீரோ திறக்கும். புத்தகங்களைத் துடைத்து பெஞ்சு மேல் வரிசையாக அடுக்குவார்கள். எங்களைக் கை கட்டி எதிரே உட்கார வைப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவை என் முன்னால் ஒரு ரஷ்யப் புத்தகம் வந்து விழுந்தது. தமிழில்தான் இருந்தது, மாஸ்கோவில் அச்சிட்டது. வழவழப்பான கெட்டித்தாள். எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வாசனை. பனியில் ஒரு கரடி நின்றது, அதன் மூச்சு புகையாக வெளியே வருவதுபோல வரைந்திருந்தார்கள். ஒரு விரலால் தள்ளித் தள்ளி நாலு பக்கம் படித்தேன். அதற்குள் அதிகாரி டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புத்தகமும் உள்ளே போய்விட்டது. அடுத்த வருடம் அந்த நாளில் எனக்குக் காய்ச்சல்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. களி உருண்டை கொண்டுவராத பிள்ளைக்குத் தன் சோற்றில் பாதியைக் கொடுக்கிற மனிதர். ஆனால் இதற்கு முன் இருந்த ஊரில் ஓர் அட்லஸ் தொலைந்ததற்கு அவர் கைக்காசு கட்டியிருந்தார். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் எண்ணும்போது குறையக் கூடாது. படித்தால் கிழியும், வீட்டுக்குக் கொடுத்தால் தொலையும். பூட்டி வைத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். சரி, கரையானுக்குப் பதிவேடு தெரியுமா? நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பீரோவைத் திறந்தார்கள். கீழ்த்தட்டு முழுக்கப் புற்று மண். அந்த மண்கட்டிகளையும் தூக்கிப் போட முடியவில்லை. கழிவு செய்ய மேலிடத்து உத்தரவு வர வேண்டுமாம். கரடியும் அதில் போயிருக்கும்.

நூலகத் துறையில் இருப்பவர்கள் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. இதற்கெல்லாம் ஒரு விதியா என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்த விதியை விளக்க வந்தவர் அந்தச் சங்கிலியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போகும் நூலகம் ஒன்றைத் தொடங்கி வைத்தவரும் அவரே. வண்டியில் போன புத்தகத்தில் மழைச்சாரல் படாமலா இருந்திருக்கும், மாட்டுக்காரப் பிள்ளையின் கை அழுக்கு ஒட்டாமலா இருந்திருக்கும்? அது தெரிந்தேதான் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து நீங்கள் சங்கிலி வாங்கப் பணம் திரட்டுகிறீர்கள். அதில் இரும்புக் கதவா, கண்ணாடிக் கதவா என்று என்னிடம் ஆலோசனை வேறு.

கோபம் உங்கள் மேல் இல்லை. கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போன வருடம் போயிருந்தேன். தாழ்வாரத்தில் பிள்ளைகளின் தோள் உயரத்துக்குக் கொடி கட்டி, துணி காயப்போடுவதுபோலப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார் ஒரு டீச்சர். எல்லாம் பதினாறு பக்கம், இருபத்து நாலு பக்கப் படக்கதைகள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டு போகலாம். பதிவேடு கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் ஆணியில் தொங்கியது. திருப்பிக் கொண்டுவரும் பிள்ளை அதில் ஏதாவது எழுத வேண்டும். நான் புரட்டிப் பார்த்தேன். "நல்லா இருந்துச்சி." "ஆயா படிக்கச் சொல்லிச்சி, ரெண்டு தடவ படிச்சேன்." "யானை படத்த தம்பி கடிச்சிட்டான்." யானையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தும்பிக்கையில் பாதி இல்லை. அப்புறமும் அந்தப் புத்தகத்தை ஏழு பேர் எடுத்துப் போயிருந்தார்கள்.

தொலைந்தவை எத்தனை என்று டீச்சரைக் கேட்டேன். "எண்ணல சார்," என்றார்.

நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. ஒரு நாள் வெறுங்கையோடு அந்தப் பள்ளிக்குப் போய் உட்காருங்கள். அஞ்செட்டிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு கன்னடம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் எதில் பேசுகிறார்கள், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். படம் பெரிதாக, எழுத்து கொஞ்சமாக இருக்கட்டும். உங்கள் பெயரை முத்திரை குத்தாதீர்கள். இவை அன்பளிப்பு, கிழிந்தாலும் தொலைந்தாலும் யாரையும் கேட்கமாட்டோம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மற்ற எதை மறந்தாலும் அந்தக் காகிதத்தை மறக்காதீர்கள். அவருக்கு வேண்டியது பீரோ இல்லை, அதுதான்.

பீரோப் பணத்தில் நல்ல நைலான் கயிறு ஒன்றும், துணி கிளிப் நாலைந்து டஜனும் வாங்குங்கள். கிளிப் மரத்தில் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது.

அன்புடன்,
நான்