பழைய ஸ்டீல் டேங்க்: விலைக்கு முன்னால் தோளைப் படியுங்கள்

கேள்வி: புளோரிடாவில் வசிக்கிறேன். ஸ்கூபா டைவிங் பழகி இரண்டு வருடமாகிறது. ஒருவர் தன் ஷெட்டில் கிடக்கும் இரண்டு ஸ்டீல் டேங்குகளை மலிவாகத் தருகிறேன் என்கிறார். 1970களில் செய்தவையாம். இவ்வளவு பழசை வாங்கலாமா?

பதில்: வயசுக்காகப் பயப்பட வேண்டாம். ஸ்டீல் டேங்குக்கு அமெரிக்க விதிகளில் காலாவதித் தேதி கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ சோதனையில், அதாவது தண்ணீரில் வைத்துச் செய்யும் அழுத்தச் சோதனையில், தேறினால் போதும். வயசு பார்த்து ஒதுக்க வேண்டியது 6351 கலவையில் செய்த பழைய அலுமினிய டேங்குகளைத்தான். அவற்றின் கழுத்தில் விரிசல் விடும்.

டேங்கின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே வளையும் இடத்தில், குத்தியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். டிஓடி-3ஏஏ2250 என்று இருந்தால் (டிஓடி என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை), 2250 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்று நிரப்பலாம். இன்னும் பழையதில் டிஓடிக்குப் பதில், அதற்கு முன் இந்த விதிகளைக் கவனித்த ஆணையத்தின் பெயரான ஐசிசி என்றிருக்கும், அதுவும் செல்லும். சோதனைத் தேதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக, அதாவது 2475 வரை நிரப்பலாம். அந்தக் குறி கடைசித் தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பழைய தேதிக்கு இருந்ததெல்லாம் கணக்கில் வராது. பெயரளவில் 72 கன அடி என்று '72' என அழைக்கப்பட்ட அந்தக் காலத்து டேங்கில் 71 கன அடி காற்று பிடிப்பது 2475-இல்தான். குறி இல்லையென்றால் சுமார் 65 தான். டிஓடி எண்ணின் மேல் வரிசையாக எக்ஸ் குத்தியிருந்தால் அது கழித்துக்கட்டிய டேங்க், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஹைட்ரோ காலாவதியாகியிருந்தால் எந்த டைவ் ஷாப்பும் நிரப்பித் தராது. சோதனையில் டேங்கைத் தண்ணீருக்குள் வைத்து, அனுமதித்த அழுத்தத்தைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக ஏற்றுவார்கள். 2250 டேங்குக்கு 3750 பிஎஸ்ஐ. அழுத்தம் இறங்கிய பிறகும் சுருங்காமல் நிற்கும் வீக்கம், மொத்த வீக்கத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் தோல்வி. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "சோதனையில் தேறினால் இந்த விலை" என்றே பேசுங்கள். விற்பவர் இதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வட புளோரிடாவில் குகை டைவிங் செய்பவர்கள் குறைந்த அழுத்த டேங்குகளில் அளவுக்கு மீறி நிரப்பும் வழக்கம் உண்டு. அப்படி உழைத்த டேங்கா என்றும் கேளுங்கள்.

அப்புறம் துரு. அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் தேங்குவது அதற்குள்தான். மேலே பளபளவென்றிருந்த ஒரு டேங்கில், உறையைக் கழற்றியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கத்தை டைவ் ஷாப்காரர் வால்வைக் கழற்றி, விளக்கு விட்டுப் பார்க்கட்டும். நீங்கள் ஸ்பேனர் எடுக்காதீர்கள், உள்ளே அழுத்தம் மிச்சமிருந்தால் வால்வு குண்டாகப் பாயும். மேலோட்டமான செம்பழுப்புத் தூளை உருட்டிச் சுத்தம் செய்துவிடலாம். குழி விழுந்திருந்தால்தான் சிக்கல். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பழைய டேங்குகளை நான் வாங்கவே மாட்டேன். பூச்சுக்கு அடியில் துரு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாது. வீட்டு ஓவனில் சூடேற்றிப் பவுடர் கோட்டிங் அடித்ததும் வேண்டாம். அந்தச் சூடு இரும்பின் பலத்தையே குலைத்துவிடலாம்.

உள்ளே பழைய காற்று இருந்தால் அதைச் சுவாசித்துப் பார்க்காதீர்கள். துரு பிடிப்பதே ஆக்ஸிஜனைத் தின்றுதான். வருடக்கணக்கில் மூடிக்கிடந்த டேங்கில் மிச்சமிருப்பது உயிரைத் தாங்காத காற்றாக இருக்கலாம். மெதுவாகத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள்.

வால்வு மாற்ற வேண்டி வந்தால் மரையில் கவனம். அமெரிக்க டேங்குகளில் பெரும்பாலும் முக்கால் அங்குல மரை. மிகப் பழைய சிலவற்றில் அரை அங்குலம். ஐரோப்பிய எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் தளர்வாக ஏறி, பொருந்தியது போலவே தெரியும். அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும்.

எல்லாம் சரியாகி வாங்கிவிட்டால், முதல் டைவுக்கு முன் ஈய எடையைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் 'அலுமினியம் 80' டேங்க் காலியாகக் காலியாக மேலே தூக்கும். ஸ்டீலில் அந்த இழுப்பு குறைவு. பழகிய எடையையே கட்டினால் தேவைக்கு மேல் கனத்துப்போவீர்கள்.