நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கட்டடம் ஓவியங்களை அமுக்கிவிடுகிறது என்கிறார்களே, நேரில் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியும் எல்லா ஓவியங்களுக்கும் பொருந்தாது என்பது, 2022-இல் அங்கே வசிலி காந்தின்ஸ்கியின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்த என் கருத்து.

இது கட்டடம் திறக்கப்படும் முன்பே எழுந்த வாதம். 1943-இல் பணி ஒப்படைக்கப்பட்ட கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், அறைகளை அடுக்கிக் கட்டாமல், நடுவே பெரிய வெற்றிடத்தை விட்டு, அதைச் சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே சாய்தளத்தையே அருங்காட்சியகமாக்கிவிட்டார். அதன் வெளிச்சுவர் வளைந்திருப்பதோடு பின்பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. ஓவியரின் தாங்கியில் இருப்பதுபோல் படங்கள் சற்றே மல்லாந்து இருக்கட்டும் என்று அவர் எண்ணினார். 1956-இல் வில்லெம் டி கூனிங், ஃபிரான்ஸ் கிளைன் உள்ளிட்ட 21 ஓவியர்கள் இதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அன்றைய இயக்குநர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனியோ, சுவரிலிருந்து நீளும் உலோகத் தண்டுகளில் படங்களை நேராக நிற்க வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தார். 1959 அக்டோபரில் கதவு திறந்தபோது ரைட் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேயே காலமாகியிருந்தார். இருந்திருந்தால் அந்தத் தண்டுகளை அவர் சும்மா விட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

மின்தூக்கியில் உச்சிக்குப் போய் நடந்து இறங்க வேண்டும் என்பதுதான் ரைட்டின் திட்டம். இப்போது பெரும்பாலான கண்காட்சிகள் கீழிருந்தே தொடங்குகின்றன. நான் பார்த்த காந்தின்ஸ்கி கண்காட்சியும் அப்படித்தான். ஆனால் அதில் கடைசிக் கால ஓவியங்களை அடியில் வைத்து, மேலே ஏற ஏற இளமைக் காலத்துக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே ரைட் சொன்னபடி உச்சியிலிருந்து இறங்கியவர்களுக்குக் காந்தின்ஸ்கியின் வாழ்க்கை வரிசைப்படியே கிடைத்தது. நான் அப்படித்தான் இறங்கினேன்.

1923-இல் அவர் வரைந்த ‘காம்போசிஷன் 8’ எதிரே நின்றபோது சிக்கல் என்னவென்று புரிந்தது. இரண்டு மீட்டர் அகலமுள்ள அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கப் பின்னால் நகர்ந்தால், இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர் முதுகில் இடித்துவிடுகிறது. காலடியில் தரை சரிந்திருப்பதால், படத்தின் அடிவிளிம்பு நேராக இருந்தும் கோணலாகத் தெரிகிறது. பெரிய படங்களுக்கு இந்த இடம் பகைதான்.

அதே படத்தை வெற்றிடத்துக்கு அப்பால், எதிர்ப்பக்கச் சுற்றிலிருந்து தேடிப் பார்த்தேன். பக்கத்தில் நிற்கும்போது கண்ணைப் பிடித்து இழுத்த மெல்லிய கோடுகள் எல்லாம் மறைந்து, இடது மேல்மூலையில் உள்ள கரிய வட்டம் மட்டும் தனியே நின்றது. ஓர் ஓவியத்தை முகத்துக்கு நேரேயும், இவ்வளவு தூரத்திலிருந்தும், ஒரு சுற்று மேலிருந்தும் பார்க்கும் வசதி சதுர அறைகளில் கிடைக்காது. பொருள்களின் உருவத்தை விட்டு வடிவங்களையும் வண்ணங்களையும் மட்டும் வரையும் காந்தின்ஸ்கி போன்ற அருவ ஓவியருக்கு அது பெரிய லாபம். நுணுக்கமான தூரிகை வேலையை நம்பி நிற்கும் ஓவியருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. பிக்காசோ 1904-இல் வரைந்த ‘துணி தேய்க்கும் பெண்’ போன்றவற்றைச் சாய்தளத்தில் மாட்டாமல், அதே அருங்காட்சியகத்தில் தட்டையான சுவர்களுள்ள தான்ஹௌசர் அறையில் வைப்பது இதனால்தான் சரியென்று படுகிறது.

ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் சுற்றைக் கட்டடத்துக்கே கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கூரையையும் எதிர்ப்பக்கத்தில் நடப்பவர்களையும் பார்த்து ஆசை தீர்ந்த பிறகு படங்களுக்கு வந்தால், போட்டி பாதி குறைந்துவிடும். கண்காட்சி மாற்றும் வாரங்களில் சாய்தளத்தின் பெரும்பகுதியை அடைத்துவிடுவார்கள் என்பதால், நுழைவுச்சீட்டு வாங்கும் முன் அதை மட்டும் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்.